மெழுகில் பதிக்காத துண்டு

பாலக்கரை,
8.7.2024

ஜெஸிமாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் ஒரு முஸ்லிம் கடிதம் எழுதக் கூடாது என்பதற்காக ஸலாம். மற்றபடி உன் அண்ணன் கலீம் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. அத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னேன். ஐந்து வருடமாகக் காப்பாற்றியும் வருகிறேன். இப்போது பேச நினைத்தாலும் முடியாது. போன ஆகஸ்டில் என் நாக்கில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் பாக்கு செய்த வேலை. கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொள்ளாமல் எனக்குக் கடையில் வியாபாரம் ஓடாது, உனக்குத் தெரியும். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று ரொம்ப நாள் விட்டுவிட்டேன். பிறகு புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் காட்டினோம். உன் அண்ணி நசீரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே போனால் உன் காதுக்கு எட்டும், நீ ஓடி வந்து அத்தாவுக்குச் செய்ததை எனக்கும் செய்வாய் என்று பயம். வெட்டினார்கள். வெட்டியதை அத்தாவின் கபருக்குப் பக்கத்தில் முறைப்படி அடக்கம் செய்தோம். நான் பேசினால் நசீராவுக்கு மட்டும் பாதி புரியும். கடையில் லுங்கி கேட்டு வருகிறவனிடம் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோன்பு முடிந்த கையோடு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. இப்போது கோழிமுட்டை அளவு இருக்கிறது.

நசீராவின் தம்பி இம்தியாஸ் ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்து காட்டினான். உன் போட்டோ போட்டு, 'புற்றுநோய்க்குப் புது மருந்து: திருச்சிப் பெண் விஞ்ஞானி சாதனை' என்று எழுதியிருந்தார்கள். நாக்கில் வருகிற நோய்க்கு என்றும் இருந்தது. அது உண்மையா? உண்மை என்றால் எழுது. போனில் அனுப்பாதே. எங்கள் வீட்டில் ஒரு போனை நான்கு பேர் பார்க்கிறோம். நீ ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதாகக் கேள்விப்பட்டு விலாசம் விசாரித்து எழுதுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாய்.

கலீம்

*

ஸ்ரீரங்கம்,
11.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதத்தைப் படித்துவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். பதினோரு மாதம். ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே அண்ணே. என் வேலையே அந்த நோய்தானே. உங்கள் நாக்கில் அது இருந்த நாட்களில் நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எலிகளின் நாக்கில் அதை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பேப்பரில் வந்தது பாதி உண்மை. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் இதைச் செய், அதை நிறுத்து என்று உள்ளேயே ஆர்டர் போய்க்கொண்டிருக்கும். சில ஆர்டர்களை வழியிலேயே மடக்கி நிறுத்தும் மிகச் சின்னத் துணுக்குகள் உண்டு. மைக்ரோ ஆர்என்ஏ என்று பெயர். அவை அளவாக இருந்தால் உடம்புக்கு நல்லது. நாக்குப் புற்றுநோயில் இருபத்தொன்று என்று எண் போட்ட ஒரு துணுக்கு பெருகிவிடுகிறது. 'போதும், இனி வளராதே' என்று சொல்லும் ஆர்டர்களையே அது மடக்கிவிடுகிறது. கட்டிக்குக் கொண்டாட்டம். அந்த இருபத்தொன்றோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கும் எதிர்த்துணுக்கைத்தான் நாங்கள் செய்கிறோம். எலிகளில் கட்டி சுருங்கியது. அவ்வளவுதான். எலியில் பார்த்ததை மனிதரில் பார்த்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை, பேப்பர்க்காரர் எழுதிக்கொண்டார்.

ஆனால் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இதே வழியில் செய்த வேறு ஒரு மருந்தை முதல்முறையாக நோயாளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். கட்டியில் அந்த இருபத்தொன்று அதிகமாக இருப்பதை நிரூபித்தால்தான் சேர்ப்பார்கள். அதற்கு உங்கள் நாக்கிலிருந்து எடுத்த சதை வேண்டும். பயப்படாதீர்கள், லேபில் அதில் ஒரு துண்டை மெழுகில் பதித்து வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். எந்த லேப் என்று எழுதுங்கள், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். கூடவே அவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டும் வேண்டும். அதில் வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்ததா என்று இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்களா? எத்தனை வாரம்?

அண்ணி எப்படி இருக்கிறார்? சம்ரீன் காலேஜ் சேர்ந்துவிட்டாளா?

ஜெஸிமா

*

பாலக்கரை,
15.7.2024

ஜெஸிமாவுக்கு,

லேபும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. அடக்கம் செய்தோம் என்று எழுதினேனே, நீ சரியாகப் படிக்கவில்லையா? முழுசாகத்தான் அடக்கம் செய்தோம்.

மயக்க ஊசி போடும் முன்பே இம்தியாஸிடம் சொல்லிவைத்திருந்தேன். "எதை வெட்டினாலும் சரி மாப்ள, அத்தா பக்கத்துல வெச்சிரு. குப்பையில போயிரக் கூடாது." அப்போது எனக்குப் பேச்சு இருந்தது. கடைசியாக முழு நாக்கோடு நான் பேசிய பேச்சு அதுதான். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு மூடி, எதிர் ரோட்டு லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவன் கையில் தந்திருக்கிறார்கள். அவன் லேபுக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறான். "உடம்புலேர்ந்து பிரிஞ்சதை மண்ணுல வைக்கிறதுதான் தம்பி மரியாதை" என்றாராம். லேபைப் பற்றி இவன் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளைத் துணியில் சுற்றி, தானே மண்வெட்டி பிடித்து, அத்தாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தான். அந்த ஒரு காரியத்துக்காக அவனுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் ஊரில் இல்லை. லிசி என்று ஒரு நர்ஸ், நல்ல பெண், "லேபுக்குக் கொடுத்தது என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். நசீரா, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு சிஸ்டர்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்டி எறிந்த பிறகு கரண்ட் எதற்கு?

சென்னை கதையெல்லாம் எனக்கு வேண்டாம். நிரூபிக்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்று அலையவிடுவார்கள். உன் எலிகளுக்குப் போடுகிறாயே, அதில் ஒரு பாட்டில் கொண்டுவா. யார் கேட்கப் போகிறார்கள்? எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன், என் தங்கச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. நசீராவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சம்ரீனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்குமாவது அவளுக்கு அத்தா என்று நான் இருக்க வேண்டும்.

கலீம்

*

ஸ்ரீரங்கம்,
20.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. லேபில் வேலை அதிகம்.

அடக்கம் செய்தது பற்றி நான் என்ன சொல்ல? இம்தியாஸ் உங்கள் மீது உள்ள பாசத்தில் செய்தார். ஆபரேஷனுக்கு முன்னால் கிள்ளி எடுத்துச் சோதித்திருப்பார்களே, அதில் மிச்சம் இருக்குமா என்று அந்த எதிர் ரோட்டு லேபுக்கு நானே போய்க் கேட்டேன். அரிசி அளவுதான் எடுத்திருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்கே அது தீர்ந்துவிட்டதாம். இனி ஒரே வழி, கழுத்துக் கட்டியிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுப்பது. அதற்கு முன்னால் ஸ்கேன் பார்க்க வேண்டும். தயவுசெய்து வாருங்கள்.

பாட்டில் கொண்டுவர மாட்டேன். கோபப்படுங்கள். கட்டி சுருங்கிய எலிகளில் சில, ஈரல் வீங்கிச் செத்தன. இதையும் பேப்பர்க்காரரிடம் சொன்னேன், அவர் போடவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் இந்த வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பித் தாக்கி, சிலர் இறந்துபோனார்கள். அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பாட்டிலில் இருப்பதை ஒரு மனித உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததை என் கையால் என் அண்ணனுக்கு ஊசி போட முடியாது.

சென்னையில் செய்தால் பக்கத்தில் பத்து டாக்டர்கள் நிற்பார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், ஸ்கேனுக்கு வாருங்கள்.

ஜெஸிமா

*

பாலக்கரை,
23.7.2024

ஜெஸிமாவுக்கு,

ரொம்ப நன்றாக இருக்கிறது. அத்தாவுக்கு என்றால் உலகத்தில் உள்ள மருந்தெல்லாம் ஏற்றுவாய். அண்ணனுக்கு என்றால் எலி செத்துவிட்டது, வெளிநாட்டுக்காரன் செத்துவிட்டான் என்று கணக்குச் சொல்வாய்.

எண்பது வயதைத் தொட்ட மனுஷன். அப்துல் சுக்கூர் என்றால் பெரிய கடைவீதியே எழுந்து நிற்கும். அவரை ஐசியூவில் போட்டு வாயில் குழாய், மூக்கில் குழாய், கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி. குழாய் விடும் முன்பே, "வீட்டுக்குப் போயிரலாம்டா கலீமு" என்று என் கையைப் பிடித்தார். நான் உன்னிடம் வந்து சொன்னேன். "இன்னும் ஒரு மருந்து இருக்கு அண்ணே, பார்த்துரலாம்" என்றாய். அதையும் பார்த்தாய். கடைசி நேரத்தில் கலிமா சொல்லிக்கொடுக்கப் போனேன். திருப்பிச் சொல்ல அவர் வாயில் இடமில்லை. குழாய் இருந்தது. அந்தக் கண்ணை நீ பார்க்கவில்லை, நீ டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு இல்லாத பயம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? தப்பாகப் போனால் உன் வேலை போய்விடும், அதுதானே? நேராகச் சொல்லிவிடு. ஸ்கேனும் வேண்டாம், நீயும் வேண்டாம்.

கலீம்

*

ஸ்ரீரங்கம்,
26.7.2024

அண்ணனுக்கு,

வேலை போகும், ஜெயிலுக்கும் போவேன். அதற்காக மட்டும் பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் முன்னால் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். பைக்குள் வைத்தேன். பிறகு எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்னை இன்னும் கொஞ்சம் வெறுக்கலாம்.

அத்தா வீட்டுக்குப் போகலாம் என்று உங்களிடம் சொன்னது உண்மை. நீங்கள் ளுஹர் தொழப் போனதும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "விட்டுறாதம்மா, பயமா இருக்கு" என்றார். அதுவும் உண்மை. ஒரே அத்தாதான் இரண்டையும் சொன்னார். நான் எனக்குக் கேட்டதைச் செய்தேன். நீங்கள் உங்களுக்குக் கேட்டதைச் செய்யச் சொன்னீர்கள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் கபர்ஸ்தானிலிருந்து வந்து நின்ற நிலையில், அத்தா பயந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிமேகலையிடம் பேசிவிட்டேன். அடுத்த வாரம் ஸ்கேன். அண்ணியிடம் இம்தியாஸ் வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறேன். நான் உள்ளே வர மாட்டேன். வெளியே டீக்கடையில் நிற்கிறேன். உங்களுக்குப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம்.

ஜெஸிமா

*

பாலக்கரை,
9.8.2024

அன்புள்ள ஜெஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பச்சைத் துப்பட்டா போட்டிருந்தாய். ரொம்ப இளைத்துவிட்டாய். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாய். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நசீரா உன்னிடம் வந்து பேசினாள் என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்.

டாக்டர் உனக்கும் சொல்லியிருப்பார். கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டுவிட்டது, கத்தி வைக்க முடியாது, துண்டு எடுக்கவும் முடியாது. ஊசி விட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதைத் துடைத்துக் குப்பையில் போட்டார்கள், நான் பார்த்தேன். நசீரா அப்போது வெளியே மருந்துச் சீட்டோடு நின்றாள், அவளுக்கு இது தெரியாது. துண்டு இல்லை என்றால் சென்னையும் இல்லை. சரி.

நான் எழுத வந்தது வேறு. அந்த டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் நசீராவை வைத்துக்கொண்டே, "முதல் ஆபரேஷன் ரிப்போர்ட் எங்கம்மா?" என்று கேட்டார். இவள் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த ரிப்போர்ட் கையில இருந்திருந்தா அப்பவே கரண்ட் வெச்சிருப்போம்மா. இந்த அளவுக்கு வந்திருக்காதே" என்றார். அவ்வளவுதான். நசீரா வீட்டுக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நான்தான சொன்னேன், நான்தான சொன்னேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இம்தியாஸ் நான் இருக்கும் அறைக்குள் வருவதில்லை. அவனைக் கூப்பிட எனக்கு நாக்கு இல்லை.

உனக்கு முதலிலேயே தெரியும். 'கரண்ட் வைத்தார்களா, எத்தனை வாரம்' என்று ஒரு கடிதத்தில் கேட்டாய். நான் பதில் எழுதிய பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. லேபில் வேலை அதிகம் என்று எழுதினாய். நீ பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும் ஜெஸி. அந்தக் கடிதம் எழுத நீ எவ்வளவு பட்டிருப்பாய் என்று இப்போது புரிகிறது.

இன்னும் ஒன்று எழுது. உன் காலேஜ் பெயர் அச்சடித்த தாளில் எழுது. அந்த ரிப்போர்ட் வந்திருந்தாலும், கரண்ட் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எழுது. அந்த இருபத்தொன்றோ எதுவோ, அதை வைத்து எழுது. நான் சொன்னால் அவர்களுக்காகச் சொல்கிறேன் என்பார்கள். நீ சொன்னால் நம்புவார்கள். பேப்பரில் போட்டோ வந்தவள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். அன்றைக்குப் பாட்டிலைக் கேட்டேன், நீ தரவில்லை. சரிதான் செய்தாய். அது எனக்காகக் கேட்டது. இது எனக்காக இல்லை. நான் போன பிறகு என்னையும் அங்கேதான் வைப்பார்கள். நசீரா ஒவ்வொரு முறை என் கபரைப் பார்க்க ஸியாரத்துக்கு வரும்போதும் அந்த மண்ணைப் பார்த்து, இதைத் தோண்டினதால்தான் இவர் செத்தார் என்று நினைக்கக் கூடாது.

கலீம்

*

ஸ்ரீரங்கம்,
14.8.2024

மதிப்புக்குரிய அண்ணன் கலீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை அண்ணியும் இம்தியாஸும் அவசியம் படிக்க வேண்டும். என் ஆராய்ச்சிக் கூடத்தின் சார்பாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கழுத்திலிருந்து ஊசியில் எடுத்த மாதிரி எங்கள் லேபுக்கு வந்தது. நானே அதைச் சோதித்தேன். இருபத்தொன்று என்று எண் கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ அதில் மிக மிக அதிகமாக இருந்தது. இத்தனை வருட வேலையில் இவ்வளவு அதிகமாக நான் எங்கும் பார்த்ததில்லை. அந்தத் துணுக்கு இப்படிப் பெருகியிருக்கும் கட்டிகளுக்குக் கரண்ட் வைத்தாலும் கேட்காது. மேல்தோல் வெந்து, எச்சில் வற்றி, சாப்பிட முடியாமல் ஆறு வாரம் துடித்திருப்பீர்கள். கட்டி அதன் பாட்டுக்கு வளர்ந்திருக்கும்.

முதல் ஆபரேஷனில் எடுத்ததை லேபில் கொடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் கரண்ட் வைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் கட்டியின் இந்தக் குணம் அவருக்குத் தெரியாது. இதைச் சோதிக்கிற வசதி அங்கே இல்லை. இம்தியாஸ் அதை அடக்கம் செய்ததால் உங்களுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. அந்த ஆறு வார வேதனைதான் இல்லாமல் போனது. அதற்குப் பதில் கடையில் உட்கார்ந்தீர்கள், நோன்பு வைத்தீர்கள், சம்ரீனைக் காலேஜில் கொண்டுபோய் விட்டீர்கள்.

அண்ணி, நீங்கள் அந்த நர்ஸிடம் சொன்ன ஒரு வார்த்தையால் எதுவும் மாறவில்லை. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அ. ஜெஸிமா

*

பாலக்கரை,
20.8.2024

அன்புள்ள ஜெஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டி முந்தாநாள் உடைந்துவிட்டது. துணி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வீச்சத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்திருக்கிறாள் நசீரா. எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். வருவதானால் சீக்கிரம் வா. ஐசியூ, குழாய் எதுவும் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பயந்து உன் துப்பட்டாவைப் பிடித்தாலும் கேட்காதே.

உன் கடிதம் வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து சம்ரீன் சத்தமாகப் படித்தாள். இம்தியாஸ் பாதியிலேயே எழுந்து வெளியே போய் வாசலில் நின்று அழுதான். பிறகு உள்ளே வந்து என் காலைப் பிடித்துவிட்டான். நசீரா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கரண்ட் கேட்காது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். எத்தனையோ நாள் கழித்துச் சாப்பிடுகிறாள்.

நன்றாக எழுதியிருந்தாய் ஜெஸி. சம்ரீன் கடைசித் தடவை படித்தபோது நானும் நம்பிவிட்டேன்.

கலீம்